மஞ்சனசாலையில் பிறந்த ஆணை: தமிழ்த் திரையின் அரசவையும் ஆவணத்தின் அரசவையும்

1. கேள்வி

தஞ்சைப் பெரிய கோயிலின் முதன்மைக் கல்வெட்டு, முதலாம் இராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் இட்ட ஓர் ஆணையைச் சொல்கிறது. தானும் தன் அக்காளும் தன் தேவியரும் மற்றுமுள்ளோரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றை எல்லாம் விமானத்தின் கல்லிலே வெட்டுக என்பது ஆணை. அது பிறந்த இடத்தையும் அக்கல்வெட்டு குறித்துவைத்திருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக்குள் ‘இருமடிசோழன்’ என்று பெயர்பெற்ற பகுதியில் கிழக்குத் திருமஞ்சனசாலை, அதாவது அரசன் நீராடும் கூடம். தானம் செய்துகொண்டு அங்கே இருந்தபோது அரசன் வாயிலிருந்து வந்த சொல் அது.

நம் திரைப்படங்களின் அரசவை வேறு. நீண்ட கூடம், இருபுறமும் அமைச்சர்கள், படிகளுக்கு மேலே அரியணை, பின்னால் சாமரம், முன்னால் கட்டியக்காரன் குரல். நடுவில் ஒருவர் நின்று நெடிது பேசுவார். பேச்சு முடியும்போது ஏதோ ஒன்று தீர்ந்துவிடும். நான் பார்த்த தமிழ் அரசர் படங்கள் எதிலும் ஓர் அரசன் நீராடும் கூடத்திலிருந்து ஆட்சி செய்ததில்லை.

இந்த வேறுபாட்டைப் ‘பிழை’ என்று குறித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அரசவையைக் காட்டும் ஒரு படம் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கிறதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? உடையையும் நகையையும் கொண்டா, சம்பவங்களின் வரிசையைக் கொண்டா, வேறொன்றைக் கொண்டா? ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘இராஜராஜ சோழன்’ (1973), இரு பாகங்களாக வந்த ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) ஆகிய படங்களை ஆவணங்களோடு வைத்துப் பார்த்து இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை. திரை அரசவையின் பெரிய பிழை அதன் தோற்றத்தில் இல்லை. அதிகாரம் எப்படி இயங்கியது என்பதைக் காட்டாமல் விடுவதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

2. இதுவரையான நிலைப்பாடுகள்

தமிழ்ச் சூழலில் இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு தரப்புகளாகப் பிரிந்துவிடுகிறது. முதல் தரப்பு பிழை திருத்துவோர். ‘பொன்னியின் செல்வன்’ முன்னோட்டம் 2022இல் வெளியானபோது ஆதித்த கரிகாலன் நெற்றியில் இருப்பது என்ன குறி, திருநீறு எங்கே என்ற சர்ச்சை எழுந்தது. படம் வெளியான சில நாள்களில், இராஜராஜனை எந்தச் சமயத்தவன் என்று அழைப்பது என்ற சர்ச்சை அரசியல் மேடைகள்வரை போனது. இவற்றில் உண்மையான வரலாற்றுக் கேள்விகள் இல்லாமல் இல்லை. ஆனால் பேசப்பட்டது அடையாளம், ஆட்சி அல்ல. சோழ அரசன் யாருக்கு உரியவன் என்று கேட்டவர்கள், அவன் எப்படி ஆண்டான் என்று கேட்கவில்லை.

இரண்டாம் தரப்பு கலைச் சுதந்திரம் பேசுவது. படம் புனைவு, அதை ஆவணமாகப் பார்க்கக் கூடாது என்பது இத்தரப்பு. ஓரளவு நியாயமான வாதம்தான். ஆனால் இதே படங்கள் விளம்பரப்படுத்தப்படும்போது ‘நம் வரலாறு’ என்றே முன்வைக்கப்படுகின்றன. வரலாற்றின் கௌரவத்தை எடுத்துக்கொண்டு அதன் பொறுப்பை மட்டும் மறுப்பது நேர்மையாகாது.

இந்த இரண்டுக்கும் அப்பால் யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்க வரலாற்றாய்வாளர் ராபர்ட் ரோசன்ஸ்டோன், திரைப்படம் இட்டுக்கட்டாமல் இருக்க முடியாது, அந்த இட்டுக்கட்டல் நாம் அறிந்த வரலாற்றோடு பொருந்துகிறதா, அதைப் புறக்கணிக்கிறதா என்றே பார்க்க வேண்டும் என்றார். நாட்டலி சீமோன் டேவிஸ் இன்னும் நேரடியான அனுபவம் உடையவர். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிராமத்து ஆள்மாறாட்ட வழக்கொன்றைப் பற்றி 1982இல் வந்த படத்துக்கு அவர் வரலாற்று ஆலோசகராக இருந்தார். படம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அக்குடும்பத்தின் பாஸ்க் பூர்வீகமும் கிராமத்தில் பரவிய புராட்டஸ்தாந்த சமயமும் அதில் விடுபட்டிருந்தன. மனைவி ஆடிய இரட்டை ஆட்டமும் மழுங்கிப்போயிருந்தது. அந்தக் குறையே அவரை ‘மார்ட்டின் கேரின் மீள்வருகை’ என்ற நூலை எழுதவைத்தது. அவர் கண்ட குறைகளில் தொப்பியும் காலணியும் இல்லை. அம்மனிதர்களை அப்படி நடக்கவைத்த நிறுவனங்களும் நம்பிக்கைகளும் விடுபட்டதே அவர் குறை. இக்கட்டுரை அந்த அளவுகோலையே கைக்கொள்கிறது.

3. திரை அரசவையின் பூர்வீகம்

தமிழ்த் திரையின் அரசவை அரண்மனையிலிருந்து வரவில்லை. நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. பார்சி நாடக மரபைப் பின்பற்றிய கம்பெனி நாடகங்களில் தெரு, காடு, தர்பார் என்று தீட்டப்பட்ட படுதாக்கள் இருந்தன. எந்த நாட்டு அரசன் கதையானாலும் அதே தர்பார்ப் படுதாதான் இறங்கும். அதன் வளைவுகளும் தூண்களும் எந்தக் குறிப்பிட்ட அரச மரபுக்கும் சொந்தமானவை அல்ல. பேசும்படம் வந்தபோது அந்தப் படுதா, அட்டையும் பலகையுமாகிச் செட்டாக மாறியது.

செட்டை விட முக்கியமானது அதற்குள் நடந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஒட்டி, மு. கருணாநிதியின் வசனத்தில் 1954இல் வந்த ‘மனோகரா’வில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட இளவரசன் அரசவையில் நின்று பேசும் காட்சி, அந்தத் தலைமுறையின் நினைவில் படிந்துபோனது. அங்கே அவை என்பது பொதுக்கூட்ட மேடை. கேட்பவன் அரசன் அல்ல, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் திரையரங்கே என்று கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு, அரசனை எதிர்த்துப் பேச முடிகிற ஓர் அவை தேவைப்பட்டது. திரை அதைக் கட்டிக் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டு மக்களாட்சியின் கனவு என்ற வகையில் அந்த அவைக்கு மதிப்பு உண்டு. பழைய அரசாட்சியின் சித்திரமாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்குக் கூர்மையான சான்று கட்டபொம்மன். சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் நாடகத்திலிருந்து பி.ஆர். பந்துலு இயக்கிய படம் அது. ஆட்சியர் ஜாக்சன் முன் கட்டபொம்மன் வரி கேட்கும் உரிமையையே மறுத்துப் பேசும் காட்சி, பள்ளி ஆண்டுவிழாக்களில் பல தலைமுறைப் பிள்ளைகளால் ஒப்பிக்கப்பட்டது.

ஆவணம் வேறு மாதிரி பேசுகிறது. 1798இல் தன்னை வந்து காணுமாறு உத்தரவிட்ட ஜாக்சன், குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கட்டபொம்மனைச் சந்திக்க மறுத்து ஊர் ஊராக அலையவிட்டான். செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தபோது பாளையக்காரர் மூன்று மணிநேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நின்றபடி அவர் செய்தது, கணக்குக் காட்டியது. நிலுவையில் பெரும்பகுதி கட்டியாயிற்று, மிச்சம் 1,080 பகோடாக்களே என்று காட்டினார். பிறகு கைதாவோம் என்று உணர்ந்து வெளியேறும்போது கோட்டை வாயிலில் கைகலப்பு; லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டான்; அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார்.

அதன்பின் நடந்தது திரையில் பொருந்தாத வகை வரலாறு. கட்டபொம்மன் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு முறையீடு அனுப்பினார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகியோர் அடங்கிய குழு விசாரித்தது. கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்று முடிவானது, ஜாக்சன் பதவியிழந்தான், அவன் இடத்துக்கு லூஷிங்டன் வந்தான். அடுத்த ஆண்டு, 1799 அக்டோபர் 16 அன்று, மேஜர் பானர்மேன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டான்.

இந்த இரண்டு சந்திப்புகளில் திரைச் சந்திப்பே அதிக வீரம் உடையதாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்வது ஆவணச் சந்திப்பு. காலனியம் ஒரு பாளையக்காரரை முதலில் வாளால் வீழ்த்தவில்லை. காத்திருக்கவைத்தும் நிற்கவைத்தும் வீழ்த்தப் பார்த்தது. அவரும் முதலில் வாளால் எதிர்க்கவில்லை. கணக்காலும் முறையீட்டாலும் எதிர்த்தார். அந்த வழியில் வென்றும் இருக்கிறார். வென்ற பிறகும் தூக்கு மரம் வந்தது என்பதில்தான் அந்த வரலாற்றின் கொடுமை இருக்கிறது. படம் முழக்கத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கொடுமையை விட்டுவிட்டது. விட்டதால் கட்டபொம்மன் உயர்ந்தார் என்று நினைக்கிறோம். அவர் சந்தித்த எதிரி எவ்வளவு நுட்பமானவன் என்பதே மறைந்துபோனது.

4. செப்பேட்டின் இரண்டு பாதிகள்

சோழர் அரசவைக்கு இத்தகைய விசாரணை அறிக்கைகள் கிடையாது. நமக்குக் கிடைப்பவை கல்வெட்டுகளும் செப்பேடுகளும். அவற்றை எப்படிப் படிப்பது என்பதிலேயே நம் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது.

பெரும் சோழச் செப்பேடுகள் இரண்டு பாதிகளால் ஆனவை. முதல் பாதி சமஸ்கிருதத்தில் அமைந்த குலப் புகழ்ச்சி. சூரியனில் தொடங்கி முன்னோர்களை வரிசைப்படுத்தி, கொடை தரும் அரசனில் முடியும். இரண்டாம் பாதி தமிழில் அமைந்த காரியப் பகுதி: எந்த நிலம், எவ்வளவு, எல்லை எது, யார் சொன்னார், யார் எழுதினார், யார் ஒப்பமிட்டார். தமிழிலும் மெய்க்கீர்த்தி என்ற புகழ்ப் பகுதி உண்டு. ஆயினும் நிர்வாகத்தின் நாடித்துடிப்பு கேட்பது இந்தக் காரியத் தமிழில்தான்.

லெய்டன் செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் பெயரில் எழுந்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை, 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தை, இராஜராஜன் வழங்கிய ஆவணம் அது. தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், தஞ்சாவூருக்குப் புறம்பே இருந்த ‘இராஜாச்ரயன்’ என்ற மாளிகையின் தெற்கு மண்டபத்தில் இருந்தபோது அரசன் இதைச் சொன்னான். சொன்னதை எழுதியவன் திருமந்திர ஓலை. எழுதியது சரியென்று ஒப்பியவர்கள் திருமந்திர ஓலை நாயகங்கள். பிறகு அது வரிக் கணக்கில் ஏற வேண்டும்; அதற்குப் புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம் வைத்திருப்போர் என்று ஒரு வரிசை. அதன்பின் ஓலை நாட்டாருக்குப் போகும். அவர்கள் அதை எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைத்து, பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு சொல் நிலமாக மாறுவதற்கு இத்தனை கைகள். அரசன் சொன்ன சொல்லுக்குத் ‘திருவாய்க்கேள்வி’ என்றே அலுவல் பெயர் இருந்தது. திரையில் அரசன் கை உயர்த்திச் சொன்ன மாத்திரத்தில் ஆணை நிறைவேறிவிடுகிறது. ஆவணத்தில் வாய்ச்சொல் என்பது தொடக்கம் மட்டுமே. எழுத்தும் கணக்கும் ஊரும் ஏற்றுக்கொண்டால்தான் அது ஆணை.

இந்த நிர்வாகம் எவ்வளவு இறுக்கமானது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வலுவான மைய அரசைக் கண்டார். பர்ட்டன் ஸ்டெய்ன், அரசனின் உண்மையான பிடி காவிரிச் சமவெளிக்குள் அடங்கியது, வெளியே அது சடங்கு அளவிலான தலைமையே என்று வாதிட்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பட்டங்களையும் அலுவலர் பெயர்களையும் எண்ணிக் கணக்கிட்டு, இராஜராஜன் காலத்திலிருந்து மைய அதிகாரம் கூடிவந்ததைக் காட்டினார்கள். ஆக, ‘சரியான’ சோழ அரசவை என்ற ஒரே சித்திரம் ஆய்வாளரிடமும் இல்லை. ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தேடுகிறார்கள்: ஓலை, வரி, நிலம், ஊர். தமிழ்த் திரை தேடாமல் விட்டதும் அதே இடத்தைத்தான். தமிழைப் போற்றும் நம் அரசர் படங்கள் செப்பேட்டின் சமஸ்கிருதப் பாதிக்கு வாரிசாகிவிட்டு, தமிழ்ப் பாதியைக் கைவிட்டுவிட்டன.

‘இராஜராஜ சோழன்’ படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரு. இராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகத்திலிருந்து ஏ.பி. நாகராஜன் இயக்கியது, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கும் இராஜராஜன் மகள் குந்தவைக்குமான உறவு அதில் மாமன், மருமகன் பூசலாக, குடும்பக் கதையாக விரிகிறது. வரலாற்றில் அது கிருஷ்ணை, கோதாவரி வளநாட்டை மேலைச் சாளுக்கியரிடமிருந்து விலக்கிச் சோழரோடு பிணைத்த ஏற்பாடு. விமலாதித்தனின் அண்ணன் சக்திவர்மனை வேங்கி அரியணையில் ஏற்றியதே சோழப் படைதான். அந்த மண உறவின் தொடர்ச்சியாகவே 1070இல் முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணையில் அமர்ந்தான். தலைமுறைகள் தாண்டி நீண்ட ஓர் அரசியல் கணக்கு, திரையில் ஓர் இல்லறப் பிணக்காகச் சுருங்கிவிடுகிறது.

5. பொன்னியின் செல்வன்: எங்கே விலகியது, எங்கே நெருங்கியது

மணிரத்னத்தின் படம் இந்த மரபிலிருந்து பல வகையில் விலக முயன்றது. கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. படம் அதன் நிழலிலிருந்து விலகி வசனத்தைக் குறைத்தது, கண்ணாலும் நடையாலும் பேசவைத்தது. படத்தின் துல்லியத்தை மூன்று தளங்களில் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் தளம் தோற்றம். படத்தின் ஒரு பகுதி மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவில் எடுக்கப்பட்டது. பந்தேலா அரசர்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய மாளிகைகள் அவை. வளைவும் குவிமாடமும் அவற்றின் உயிர். சோழக் கட்டடக் கலைக்கு அவை இரண்டும் அந்நியம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கல் சுவரின் அடித்தளம், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். மரச் சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த மாளிகை என்பதே அவை தரும் சித்திரம். கல் கடவுளுக்கு, அரசனுக்குச் செங்கல்லும் மரமும். அதனால்தான் கோயில் நிற்கிறது, அரண்மனை மேடாகிவிட்டது. அரசன் தன்னைவிடத் தன் கடவுளை நிலைக்கவைத்தான் என்ற ஆழமான செய்தி அதில் இருக்கிறது. ஓர்ச்சாவின் கல் மாளிகைகள் அந்தச் செய்தியை அடித்துவிடுகின்றன. எனவே கட்டடம் பற்றிய குறை வெறும் அலங்காரக் குறை அல்ல.

உடை அப்படியல்ல. பெரிய கோயிலின் உள்சுற்றுச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலிருந்து சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஆணும் பெண்ணும் மேலாடையின்றி அல்லது மிக மெல்லிய துகிலோடு, கழுத்தும் இடையும் நிறைந்த நகைகளோடு அவற்றில் நிற்கிறார்கள். தணிக்கை வாரியமும் குடும்பத்தோடு வரும் பார்வையாளரும் உள்ள ஊரில் எந்த இயக்குநரும் அதை அப்படியே காட்ட முடியாது. உடையில் துல்லியம் கேட்பவர் எவரும் உண்மையில் அந்தத் துல்லியத்தைக் கேட்பதில்லை. இங்கே சமரசம் தவிர்க்க முடியாதது, மன்னிக்கத் தக்கது.

இரண்டாம் தளம் சம்பவம். இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றி நமக்கிருக்கும் தலையாய சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராஜன் ஆகியோரைத் துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது. ஆனால் அது கொலையைப் பற்றிய கல்வெட்டு அல்ல. துரோகிகளும் அவர்களின் உறவினரும் வைத்திருந்த நிலத்தைக் கைப்பற்றி விற்பது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஓலை. சோழ வரலாற்றின் மிகப் பெரிய கொலை நம்மை வந்தடைந்தது ஒரு நில ஆவணத்தின் வழியாக.

கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்து, இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் ஆட்சி முடிந்த பின்னரே இந்த ஓலை வருவதைக் கொண்டு, நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராஜராஜனிடம் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தான் என்பதும் நினைக்கத் தக்கது. அண்ணனைக் கொன்றவன் மகனை எவன் அப்படி அருகில் வைத்துக்கொள்வான்? என் பார்வையில் பின்னவர் கருத்தே வலுவானது. காலத்தாழ்வு ஐயத்துக்கு இடம் தரும், தீர்ப்புக்குப் போதாது. சொத்தைக் கைப்பற்றியது பற்றிய ஆவணம், தண்டனை அப்போதுதான் தொடங்கியது என்பதற்குச் சான்றாகவும் ஆகாது.

படம் கரிகாலன் சாவை நந்தினியின் குத்துவாளோடு பிணைக்கிறது. நந்தினியோ கல்கியின் படைப்பு. ஆனால் வேறோர் இடத்தில் படம் நாவலை விட ஆவணத்துக்கு நெருங்கி வருகிறது. நாவலில் அரியணை ஏறும் உத்தம சோழன், அதுவரை பூக்கட்டும் சேந்தன் அமுதனாக வளர்ந்தவன். படம் அந்த ஆள்மாற்றத்தைத் தவிர்த்து, செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகனையே அரியணையில் அமர்த்துகிறது. கல்வெட்டுகளும் உத்தமனை அந்த அம்மையின் திருவயிற்றில் பிறந்தவன் என்றே சொல்கின்றன. நாவலிலிருந்து விலகினால் வரலாற்றிலிருந்தும் விலகியதாகக் கருதும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின்னாளில் இராஜராஜனான அருண்மொழி அரியணையை விட்டுக்கொடுக்கும் காட்சிக்கு ஆதாரம் திருவாலங்காட்டுச் செப்பேடு. சிற்றப்பன் உத்தமன் விரும்பும்வரை தனக்கு அரியணை வேண்டாம் என்று அவன் மறுத்ததாக அதன் சமஸ்கிருதப் பகுதி சொல்கிறது. ஆனால் அதை எழுதவைத்தவன் இராஜேந்திரன். மகன் தந்தையைப் புகழும் இடம். உள்நாட்டுப் பகையைத் தவிர்க்கச் செய்த பேரத்தைத் தியாகமாகப் பாடியிருக்கலாம். ஒரு குலப் புகழ்ச்சியும் அதன் காலத்து அரசவைத் திரைப்படமே. அதை நம்பி எடுத்த காட்சி ‘ஆதாரம் உள்ள’ காட்சிதான். ஆனால் ஆதாரம் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் தளம் அதிகாரத்தின் இயக்கம். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசும் அவைக்குள் அருண்மொழியின் அக்காள் குந்தவை நுழைந்து, தன் தம்பியையும் அண்ணனையும் மாப்பிள்ளைகளாக எண்ணவைத்து ஒற்றுமையைக் கலைக்கும் காட்சி படத்தில் உண்டு. அது நடந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் பழுவேட்டரையர் போன்ற குறுநிலத் தலைவர்களைச் சோழர் பெண் கொண்டு பிணைத்துவைத்திருந்தது வரலாறு. பேச்சால் வெல்வதைக் காட்டாமல் மணஉறவுக் கணக்கால் வெல்வதைக் காட்டிய அந்த ஒரு காட்சி, ரோசன்ஸ்டோன் சொன்ன பொருளில் உண்மையான இட்டுக்கட்டல்.

இதே தளத்தில் படம் காணாமல் விட்டதும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘வேளம்’ என்ற சொல் பல முறை வருகிறது. அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு அது. நீராட்டுக்கும் மடைப்பள்ளிக்கும் தனித்தனி வேளங்கள் இருந்தன. அவர்களில் பலர் போர்களில் பிடித்துவரப்பட்ட பெண்கள் என்பதை வரலாற்றாய்வாளர் டாவுத் அலி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர்களில் சிலர் கோயிலுக்கு விளக்கும் ஆடும் கொடுத்துக் கல்லில் பெயர் பெற்றார்கள். ‘பெண்டாட்டி’ என்ற சொல் அக்கல்வெட்டுகளில் மனைவியைக் குறிக்காது. வேளத்துப் பணிப்பெண்ணைக் குறிக்கும். நந்தினி என்ற ஒரே ஒரு பழிவாங்கும் பெண்ணைக் கற்பனை செய்துகொண்ட நாம், தோற்ற நாடுகளிலிருந்து வந்து அரண்மனையின் உள்ளே வாழ்ந்த நூற்றுக்கணக்கான நிஜப் பெண்களைப் பார்க்கவில்லை. மஞ்சனசாலையில் அரசன் ஆணையிட்ட அன்று, தண்ணீர் கொண்டுவந்தவர்களும் அவர்களாக இருந்திருக்கலாம்.

6. ஒரு மறுப்பும் பதிலும்

ஓலை எழுதுவதையும் வரி பதிவதையும் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். திரைக்கு மோதல் வேண்டும், கோப்பு வேண்டாம் என்பது இந்த மறுப்பின் சாரம். ஆனால் கட்டபொம்மன் நின்ற மூன்று மணிநேரத்தில் மோதல் இல்லையா? துரோகிகளின் உறவினர்வரை தேடித் தேடி நிலம் பறித்த ஓலையைப் படிக்கும் சபையார் முகத்தில் நாடகம் இல்லையா? அந்தச் சபையிலும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? ஆவணத்தில் நாடகம் இல்லாமல் இல்லை. நாம் நாடகத்தை முழக்கமாக மட்டுமே பழகிவிட்டோம்.

இதற்கு ஒரு விந்தையான சான்று, சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006). வரலாற்றுப் படம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் கம்பெனியின் தயவில் வாழும் ஒரு சிறு பாளையம், பொம்மையாக ஓர் அரசன், அவனை ஆட்டுவிக்கும் மாமன், வணிக உரிமத்தின் வழியே நுழையும் வெள்ளையன் என்று 18ஆம் நூற்றாண்டு அதிகாரம் இயங்கிய விதத்தை அந்தக் கேலிப்படம் காட்டுகிறது. கட்டுடல் ஒன்றின்மேல் தன் முகத்தை வரையவைத்துக்கொள்ளும் அரசன் காட்சி, அரச உருவங்கள் எப்படி உண்டாக்கப்படுகின்றன என்பதையே பேசுகிறது. குலப் புகழ்ச்சி எழுதப்படும் அறைக்குள் எட்டிப்பார்த்த காட்சி அது. துல்லியம் என்ற சுமை இல்லாத இடத்தில் ஓர் உண்மை எளிதாக வந்து உட்கார்ந்துவிட்டது.

7. முடிவாக

அரசவைப் படங்களை அளக்க மூன்று தளங்களும் ஒரே எடை உடையவை அல்ல. தோற்றப் பிழைகளில் பெரும்பாலானவை பொறுக்கத் தக்கவை. பொருள் மாறும் இடத்தில் மட்டும் கேள்வி கேட்க வேண்டியவை. சம்பவப் பிழைகளை, ஆவணமே யாருடைய குரலில் பேசுகிறது என்று கேட்ட பிறகே எடைபோட வேண்டும். அதிகாரம் இயங்கிய முறையைத் தவறாகக் காட்டுவதே பெரிய பிழை. ஏனெனில் அது பழங்காலத்தோடு நின்றுவிடுவதில்லை. நல்லவன் ஒருவன் அரியணையில் அமர்ந்து நல்ல சொல் சொன்னால் நாடு சரியாகிவிடும் என்று திரை அரசவை நமக்குப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் வாக்குச்சாவடிக்கும் போகிறோம்.

இராஜராஜனின் ஆணை நால்வகைக் கொடையாளர்களைப் பட்டியலிட்டது: தான், அக்கன், தேவியர், மற்றுக் கொடுத்தோர். முதல் மூவரையும் தமிழ்த் திரை அலுக்காமல் காட்டிவிட்டது. பெரிய கோயிலின் சுவரோ நான்காமவருக்கும் இடம் கொடுத்தது. அதற்கும் கீழே, கோயிலில் பணிசெய்ய வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களை, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று பெயரோடு எழுதிவைத்தது. அந்த முகவரிகள் ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் இருக்கின்றன. கேமரா இன்னும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை.